பழைய பத்மினியில் துரு: அறிகுறியைப் பார்த்து வேலையைத் தொடங்குவது எப்படி

கிருஷ்ணகிரியில் பழைய வண்டி வாங்கப் போகிறவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "நம்ம ஊரு காஞ்ச ஊரு, கடல் காத்து கிடையாது, துரு பிடிக்காது." நானும் அதை நம்பித்தான் 1978ஆம் வருட பிரீமியர் பத்மினி கார் ஒன்றை வாங்கினேன். பானெட்டும் கூரையும் உண்மையிலேயே கெட்டியாக இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கால்விரிப்பைத் தூக்கினேன். கீழே ராயக்கோட்டை ரோடு தெரிந்தது.

உப்புக் காற்று இல்லாத ஊரில் துரு மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது இரும்பும் தண்ணீரும் காற்றும். மழை குறைந்த ஊராக இருந்தாலும், வண்டியின் ஒரு மூலையில் வாரக்கணக்கில் ஈரம் தங்கினால் அந்த மூலைக்கு அது மெரினா கடற்கரைதான். எங்கள் பக்கத்துச் செம்மண் சக்கரத்துக்கு மேலே அப்பிக்கொண்டால் நனைந்த துணி மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கே நிற்கிறது? அது தெரியாமல் தகடு மாற்றினால், புதுத் தகடு பழைய தகட்டின் வழியிலேயே போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய் குர்லாவில் தொடங்கி, 1970களில் பத்மினி ஆன இந்த வண்டிக்கு லாரி மாதிரித் தனியாகச் சேசிஸ் கிடையாது. தரை, கதவுக்கடிப் பெட்டி, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. அம்பாசிடரும் அப்படித்தான். ஆகவே தரையில் விழும் ஓட்டையை அழகுக் குறை என்று நினைக்க வேண்டாம். அது எலும்பு முறிவு.

வேலைக்கு முன் மூன்று சோதனைகள் போதும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு, மொத்தென்றால் பட்டி. மூன்றாவது, பழைய ஸ்க்ரூடிரைவரால் சந்தேகமான இடத்தை அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் வருத்தப்பட வேண்டாம், அது ஏற்கெனவே போனதுதான்.

பெயிண்ட்டில் கொப்புளம்

கதவின் அடி ஓரம், மட்கார்டு விளிம்பு, டிக்கி மூடியின் கீழ்மடிப்பு ஆகிய மூன்றிலும்தான் இது அதிகம் வரும். கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். அடியில் தகடு சுத்தமாக, பளபளவென்று இருந்தால் அது பெயிண்ட் கோளாறு. எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ ஈரத்தின் மேலோ அடித்திருப்பார்கள். பழுப்புப் பொடி வந்தால் துரு.

அடுத்து, துரு வெளியிலிருந்து உள்ளே போனதா, உள்ளேயிருந்து வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும். கல் தெறித்து வந்த துரு என்றால் நடுவில் ஒரு காயம் இருக்கும். அதைத் தேய்த்தால் நாலு பக்கமும் சீக்கிரம் வெள்ளைத் தகடு தெரிந்துவிடும். தேய்த்து, பிரைமர் அடித்து முடித்துவிடலாம்.

உள்ளேயிருந்து வந்ததென்றால் காயமே இருக்காது, சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக இருக்கும். கதவில் இது சாதாரணம். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் போவது குறை இல்லை, வண்டியின் அமைப்பே அப்படித்தான். அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியே வந்துவிட வேண்டும். அந்தத் துளைகளைப் புழுதியும் இலைத் தூளும் அடைத்துக்கொண்டால் கதவு வாளியாகிவிடும். ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பாருங்கள். என் வண்டியின் இடது பின்கதவில் கம்பி விட்டதும் அரை டம்ளர் கருப்புத் தண்ணீர் இறங்கியது. வண்டி அதற்கு முன் மூன்று மாதம் ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

ஒரு ரூபாய் நாணயம் அளவுக் கொப்புளம் என்றால் உள்ளங்கை அளவு வேலை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் வெளித்தகடு அடியில் மடிந்து உள்சட்டத்தைப் பிடித்திருக்கும். அந்த மடிப்புக்குள் துரு இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கீழ் நாலு அங்குலத்தை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகட்டில், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டரில், புதுப் பட்டை மடித்து வைப்பதுதான் வழி. மடிப்பதற்கு முன் உள்பக்கம் துத்தநாக பிரைமர் ஒரு கை அடித்துவிடுங்கள். மடித்த பிறகு அங்கே பிரஷ் நுழையாது.

கால்விரிப்பு நனைந்திருக்கிறது

மழையில் நனைகிறதா, கழுவும்போது நனைகிறதா, வண்டி சும்மா நிற்கும்போதே நனைகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போதே வழவழப்பான ஈரம் என்றால் அது தண்ணீரே இல்லாமல் பிரேக் ஆயிலாக இருக்கலாம். பிரேக் ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும். உரிந்த இடத்தில் துரு வரும். அதை முதலில் சரிசெய்யுங்கள். தகடு ஒரு வாரம் காத்திருக்கும், பிரேக் காத்திருக்காது.

மழைத் தண்ணீர்தான் என்றால் ஒரு மலிவான வழி இருக்கிறது. விரிப்பை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையிலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் ஹோஸ் பைப்பைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். முதலில் சக்கரத்தின் மேல்வளைவு, அப்புறம் கதவு, அப்புறம் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் இடம், கடைசியில் கண்ணாடி பீடிங். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். பவுடரில் தண்ணீர் கோடு போட்டு வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் அது முன்கண்ணாடி பீடிங்காகவே இருக்கும். ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகியிருக்கும். அதற்கு மேல் சிலிக்கான் பூசுவது வழக்கம். வேண்டாம். சில வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் (அந்தப் புளித்த வாடை அதுதான்), அது வெறும் தகட்டை அரிக்கும். தண்ணீர் வேறு ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடக்கும். பீடிங்கைக் கழற்றி, அடித்தகட்டைப் பார்த்து, புதுசு போடுவது ஒரு நாள் வேலை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும்.

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான் தரைக்கு வர வேண்டும். என் வண்டியில் ஓட்டுநர் பக்கத் தரையைச் சுரண்டியபோது மேலே தார், அதற்குக் கீழே ரிவெட் அடித்த ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), அதற்கும் கீழே தட்டி நிமிர்த்திய 15 கிலோ எண்ணெய் டின், கடைசியில் பத்மினியின் சொந்தத் தகடு இருந்தது, அல்லது அது இருந்த இடம் இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் எந்தப் பட்டறையில் செய்தாரோ தெரியாது. மூன்று அடுக்குக்கும் நடுவே ஈரம் புகுந்து, ஒவ்வொரு ஒட்டும் அடுத்ததைத் தின்றிருந்தது.

கெட்ட தகட்டின் மேல் நல்ல தகடு வைக்கக் கூடாது. பென்சிலால் கோடு போட்டு, துரு முடிந்து தகடு முழுக்கனம் வரும் இடம் வரை வெட்டி எடுங்கள். ஒட்டுத்தகட்டின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். தரைக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், சி.ஆர். தகடு (துத்தநாகம் பூசாத சாதா இரும்புத் தகடு) சரியாக இருக்கும். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள். அதை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு ஆடும். கூடவே, வெல்டிங் வரியில் துத்தநாகம் எரிந்துபோய்விடுவதால், காப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது இருக்காது.

வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கையும் பைப்பையும் கழற்றி வெளியே, தூரமாக வையுங்கள். காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். முழு டேங்க்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். தண்ணீர் வாளியும் ஈரச்சாக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கதவு தொங்குகிறது, இழுத்து அடித்தால்தான் மூடுகிறது

கீல் தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு மட்டும் லொடலொடவென்று ஆடினால் கீல் ஊசிதான். பெரிய செலவில்லை. கதவோடு தூணும் சேர்ந்து அசைந்தால் கதை வேறு.

அப்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவைச் சாத்தி, கதவுக்கும் பின்தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிவையுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் ஜாக்கியால் மெல்லத் தூக்கி மறுபடி அளங்கள். இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி உள்ளே கரைந்துவிட்டது. சில நேரம் ஜாக்கியே பெட்டிக்குள் புகுந்துவிடும். சோதனை அங்கேயே முடிந்தது, விடையும் கிடைத்துவிட்டது.

இந்த வேலையில்தான் நிறைய பத்மினிகள் கெட்டுப்போகின்றன. பெட்டி உளுத்திருக்கிறது என்றதும் கட்டிங் வீலை எடுத்து இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டுவார்கள். வண்டி நடுவில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். அந்த நிலையிலேயே புதுப்பெட்டியை வெல்டு வைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும். அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், நாற்பது வருடம் டிங்கரிங் பார்த்தவர், வெட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தார். "வெட்டினதுக்கு அப்புறம் அளந்து என்ன பண்ணப் போற தம்பி?" என்றார்.

வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேலேயே இருக்க வேண்டும். முன்னால் சஸ்பென்ஷன் கைகளுக்கு அடியிலும் பின்னால் அச்சுக்கு அடியிலும் ஸ்டாண்டு கொடுங்கள், நடுவில் முட்டுக் கொடுக்காதீர்கள். கதவு பொருந்தி இருக்கும்போதே இடைவெளியைச் சரிசெய்துகொண்டு, பிறகு கதவைக் கழற்றி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் அங்குலச் சதுரக் குழாய் இரண்டை முன்தூணுக்கும் பின்தூணுக்கும் வெல்டு வைத்து இறுக்குங்கள். வாசலின் மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள் (பேப்பரில் எழுதினால் தொலைந்துபோகும்). அப்புறம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். பழைய ஸ்பாட் வெல்டுகளை (இரண்டு தகட்டைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்திருக்கும் வெல்டு) 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் குடைந்து எடுத்தால் தூண் தகடு கிழியாமல் வரும். முதலில் உள்தகடு, அப்புறம் வெளித்தகடு. வெளித்தகட்டைப் போடும் முன் கதவைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு தடவையில்லை, ஒவ்வொரு கட்டத்திலும். அந்தப் பக்கம் முழுதும் முடிந்த பிறகுதான் மறுபக்கம்.

புதுப்பெட்டி தயாராகக் கிடைக்காவிட்டால் பழையதை அட்டையில் வரைந்து, ஓசூர் சிப்காட் பக்கம் தகடு வளைக்கும் பட்டறையில் கொடுத்து வளைத்துக்கொள்ளலாம். அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அவர்கள் போட மாட்டார்கள். நீங்கள்தான் போட வேண்டும். மறந்தால் முதல் அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள்.

பெட்டி மாற்றும்போது தோன்றும் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். 2021இல் வந்த மத்திய அரசு விதியின்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவத்தில் உள்ள வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. என் வண்டிக்கு 2028இல்தான் 50 ஆகும். ஆனால் இப்போதே ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்கிறேன், பழைய வடிவத்திலேயே தகடு வளைக்கிறேன். அகலமான மட்கார்டு, வேறு டிக்கி என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த நம்பர் பிளேட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

வெல்டு வைக்க வைக்க ஓட்டை பெரிதாகிறது

மிக் வெல்டிங்கை (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங்) குறை சொல்லாதீர்கள், தகடு சன்னமாகிவிட்டது. வெளியே நன்றாகத் தெரியும் தகட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஊசித்துளைகள் நட்சத்திரம் மாதிரி மின்னும். இன்னும் ஓர் அங்குலம் வெளியே தள்ளி வெட்டுங்கள். அங்கும் அப்படியே என்றால் இன்னும் ஓர் அங்குலம். 0.8 மில்லிமீட்டர் கம்பி, குறைந்த கரண்ட், ஒரு நேரத்தில் ஒரு புள்ளி. தகட்டுக்குப் பின்னால் செம்புத் துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்தால் உருகல் ஒழுகாது. செம்பில் வெல்டு ஒட்டவும் ஒட்டாது.

தகடு அலை அலையாகிவிட்டது, அழுத்தினால் டப் டப் என்கிறது

ஒரே இழுப்பில் வெல்டு வைத்த கோலம். சூடான தகடு விரியும், ஆறும்போது சுருங்கும், சுருக்கம் பக்கத்துத் தகட்டை இழுக்கும். ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியை எதிர்மூலையில் வையுங்கள். கை வைத்தால் சுடாத அளவு ஆறும் வரை அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். ஏற்கெனவே அலையாகிவிட்டால், பின்னால் டோலி (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து, வெல்டு வரியின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சுருங்கிய தகட்டை மறுபடி விரிக்க வேண்டும். வரியை விட்டு அலையையே தட்டினால் தகடு இன்னும் விரிந்து நிலைமை மோசமாகும். இது கைப்பழக்கம், பழைய டிங்கர் ஒருவரிடம் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதே மேல். நான் இரண்டு மட்கார்டைக் கெடுத்துத்தான் கற்றேன்.

காலையில் தகடு ஆரஞ்சு நிறமாக இருக்கிறது

ராத்திரி வெள்ளி மாதிரி இருந்த தகடு, விடிந்தால் மாம்பழத் தோல் நிறம். வெறும் தகட்டைத் திறந்து வைத்ததும், போர்வெல் தண்ணீரில் வாட்டர் பேப்பர் தேய்த்ததும்தான் காரணம். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் கரைந்த உப்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு தகட்டில் காய்ந்து, பெயிண்ட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்காரும். வெறும் தகட்டை உலர்வாகவே தேயுங்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். தேய்த்த அன்றே தின்னரால் துடைத்து எப்பாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். அன்று முடியாதென்றால் அன்று தேய்க்காதீர்கள்.

எட்டாத இடுக்குகளுக்குத் துரு மாற்றி திரவம் உதவும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானின் வகை கருப்பாக மாற்றும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் மை மாதிரிக் கருக்கிறதே, அதே வேதியியல்தான். இரண்டுமே மேலோட்டத் துருவுக்குத்தான். செதில் செதிலாக உரியும் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும். அமில வகை போட்ட இடத்தில் மிச்ச அமிலத்தைக் கழுவாமல் எப்பாக்சி அடித்தால் ஒட்டாமல் உரிந்துவரும்.

கழற்ற முடிந்த சின்னச் சாமான்களுக்கு, அதாவது பிராக்கெட், கீல், பேட்டரித் தட்டு போன்றவற்றுக்கு, சலவைச் சோடாக் கரைசலில் 12 வோல்ட் சார்ஜர் முறை நன்றாக வேலை செய்யும். சாமான் நெகட்டிவ், பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவ். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் ஸ்பூனைப் போடாதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்க வேண்டாம். ஸ்பிரிங் வகைகளை இதில் போடக் கூடாது, நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒட்டின் விளிம்பில் மெல்லிய கோடாக வரும். வெறும் தகட்டின் மேல் நேராகப் பட்டி போட்டிருப்பார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அல்லது ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து மாதக்கணக்கில் வண்டியை வெளியில் விட்டிருப்பார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நம்புவோம், ஆனால் அதன் வழியாக ஈரம் போகும். சரியான வரிசை: சுத்தமான தகடு, எப்பாக்சி, அதன் மேல் பட்டி, மறுபடி பிரைமர், கடைசியில் பெயிண்ட். பட்டி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள்.

இரண்டு தகடு சேரும் வரி வீங்கிப் பிளந்திருந்தால் உள்ளே துரு வளர்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், ஸ்பாட் வெல்டையே பிய்த்துவிடும். அந்த வரியைத் திறக்காமல் மேலே சீலண்ட் தடவுவதில் பயனில்லை.

வெளிப்பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் துரு திரும்பினால், வெல்டின் பின்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அங்கே பிரைமர் எரிந்துபோயிருக்கும். கதவுக்கடிப் பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் மெழுகு அடியுங்கள், பெயிண்ட் வேலை முடிந்த பிறகு, வெயிலில் தகடு சூடாக இருக்கும்போது. பழைய எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து அடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். துரு நிற்கிறதுதான், ஆனால் ரப்பர் புஷ் ஊறிப்போகும், புழுதி எல்லாம் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை வெல்டு வைக்கிறவர் உங்களைத் திட்டுவார். மெழுகு அடித்து மறுநாள் அதே ஸ்போக்ஸ் கம்பியை எடுத்து வடியும் துளைகளில் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். மெழுகே இரண்டு மூன்றை அடைத்திருக்கும்.